மடி ரீச்சரும் எட்டுப் பத்து பஸ்ஸும்

திருகோணமலையிலிருந்து மூதூர்ப் பக்கம் பஸ் ஏறிய மனிதர்களில் மடி ரீச்சரிடம் தப்பிய மடி ஒன்றுகூடக் கிடையாது. சட்டத்தரணியின் மடி, வாழைக்குலை வியாபாரியின் மடி, கலியாணம் முடித்து மூன்றாம் நாள் மாமியார் வீட்டு விருந்துக்குப் போன மாப்பிள்ளையின் மடி, சீருடையோடு இருந்த பொலிஸ்காரரின் மடி என்று எல்லாவற்றிலும் அவர் ஆளுக்கொரு பிள்ளையை இருத்தியிருக்கிறார். மீன் கூடையை மடியில் வைத்திருந்தவர்களை மட்டும் விட்டுவிடுவார். அதுகூட மணத்துக்காக அல்ல. "அவருக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு" என்பார்.

நான் அந்த எட்டுப் பத்து பஸ்ஸின் கொண்டக்டர். காலை எட்டுப் பத்துக்கு நகரத்தில் வெளிக்கிட்டு, சீனக்குடா தாண்டி, கிண்ணியாப் பாலத்தால் ஏறி இறங்கி, மூதூர் போய், கிளிவெட்டியில் திரும்புகிற பஸ். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். மிச்சத்தை மிதிபலகையில் நின்று, ஏறுகிற இறங்குகிற சனத்தின் வாயைப் பார்த்துப் படித்தேன். மடி ரீச்சரின் சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. பட்டப்பெயர் அவருக்கும் தெரிந்ததுதான். ஒருநாள் கேட்டே விட்டேன். "நல்ல பேர்தானே, தம்பி. எங்கட பள்ளிக்கூடத்து அதிபருக்குப் பிள்ளையள் வைச்ச பேரைக் கேட்டியளெண்டால்..." என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறவர். வகுப்பில் இருபத்துநாலு பிள்ளைகள். மாதத்தில் மூன்றாவது செவ்வாய்க்கிழமை அந்த இருபத்துநாலையும் எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்க் காட்டாவிட்டால் ரீச்சருக்கு அந்த மாதம் மாதமில்லை. பாலம் பார்க்க, வயல் பார்க்க, இறங்குதுறை பார்க்க. மற்றப் பள்ளிக்கூடங்கள் வான் பிடித்துப் போகும். இவர் சனம் ஏறுகிற பஸ்ஸில்தான் போவார்.

"ஏன் ரீச்சர் இந்த இடிபாடு? ஒரு வானைப் பிடிச்சால் சுகமா இருக்கும்தானே?" என்று ஒருதரம் கேட்டேன்.

"வானில போற பிள்ளை வெளியைப் பார்க்கும், தம்பி. பஸ்ஸில போற பிள்ளை ஆளைப் பார்க்கும். வெளி எங்க போகப் போகுது? ஆள்தான் இறங்கிப் போயிடும்."

இந்த வசனத்தை நான் ரிக்கற் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்.

எங்கள் பஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. நிற்கிறவரின் பையை இருக்கிறவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். கேட்கத் தேவையில்லை, நன்றி சொல்லவும் தேவையில்லை. முன்பின் தெரியாதவரின் மரக்கறிப் பையும், சாப்பாட்டுப் பார்சலும், சில நேரம் சேவலும்கூட அப்படிப் பயணம் போகும். ரீச்சர் செய்ததெல்லாம் இந்த வழக்கத்தைப் பையிலிருந்து பிள்ளைக்கு மாற்றியது மட்டும்தான். முன்கதவால் ஏறுவார். துணைக்கு வந்த இரண்டு தாய்மார் பின்கதவால் பிள்ளைகளை ஏற்றி முன்னுக்கு அனுப்புவார்கள். ரீச்சர் சீற் சீற்றாகப் பார்த்துக்கொண்டு போவார். அது சாதாரணப் பார்வையல்ல, தையல்காரர் அளவெடுக்கிற பார்வை.

"அக்கா, உங்களுக்கு இவ சரி. கதைக்க மாட்டா. ஐயா, நீங்கள் தனியா இருக்கிறீங்கள், உங்களுக்கு இவன். இவன் கேள்வி கேட்பான், நித்திரை கொள்ள விடமாட்டான். தங்கச்சி, போனை வையுங்கோ, பிள்ளை வருது."

பிள்ளையைக் கண்டதும் நித்திரை போல நடித்த இளைஞன் ஒருவன் இருந்தான். ரீச்சர் குனிந்து அவனுடைய காதுக்குள், "தம்பி, கண்ணை மூடினால் மடியும் மூடுமோ?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. அவன் கண்ணைத் திறப்பதற்குள் மடியில் ஒரு பிள்ளை இருந்து அவனுடைய கைக்கடிகாரத்தைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தது.

சிங்களத்தில் ரீச்சருக்குத் தெரிந்தது ஒரேயொரு வசனம். "பொட்டக் அல்லன்ன." கொஞ்சம் பிடியுங்கோ என்று அர்த்தம். லீவு முடிந்து திரும்பிக்கொண்டிருந்த கடற்படைப் பையன் ஒருவனிடம் அதைச் சொல்லி ஒன்றுக்கு இரண்டு பிள்ளைகளை இருத்திவிட்டார். அவன் ஏதோ நீளமாகப் பதில் சொன்னான். ரீச்சருக்கு விளங்கவில்லை. "ஓம், ஓம், பொட்டக் அல்லன்ன" என்றார் திரும்பவும். பாலத்தடி வந்தபோது அவனுடைய தொப்பி ஒரு பிள்ளையின் தலையிலும், அவனுடைய பிஸ்கற் மற்றப் பிள்ளையின் வாயிலும் இருந்தன.

இந்தப் பயணத்துக்கு ஒவ்வொரு மாதமும் அதிபர் ஒரு கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்கும்போதெல்லாம் அவர் ஒரே வார்த்தையைத்தான் சொல்வாராம்: "ரீச்சர், ஒரு பிள்ளை குறைஞ்சாலும் இதோட சரி." ரீச்சரும் ஒரே பதிலைத்தான் சொல்வாராம்: "குறையாது, சேர்." அந்தக் கையெழுத்து நின்றால் பயணம் நின்றது. அதனால் பிள்ளைகள் இறங்கும்போது அவர் கதவடியில் நின்று, ஒவ்வொரு தலையிலும் கையை வைத்து, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சத்தமாக எண்ணுவார். எண்ணி முடியும்வரை எங்கள் சாரதி லத்தீப் நானா அக்ஸிலேற்றர்ப் பக்கம் காலையே கொண்டுபோக மாட்டார். மற்ற நேரத்தில் ஒருத்தர் இறங்கப் பிந்தினால் "காலும் கையும் வாப்பா வீட்டு அலுமாரியிலயா வெச்சிட்டு வந்தீங்க?" என்று கத்துகிற மனுஷன் அவர்.

கொஞ்ச மாதம் போன பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. மூன்றாவது செவ்வாயில் மட்டும் எங்கள் பஸ்ஸில் சனம் கூட. அதுவும் வழமையாகப் போகிற சனமல்ல. கையில் பை கிடையாது, கந்தோர் ஃபைல் கிடையாது, ஆஸ்பத்திரிக் கொப்பி கிடையாது. வந்து யன்னல் ஓரத்தை விட்டுவிட்டு, நடைபாதைப் பக்கத்தில் வசதியாக இருப்பார்கள்.

"எங்க இறங்கிறீங்கள், அக்கா?"

"ரீச்சர் இறங்கிற இடத்தில."

இவர்களில் தலைவர் என்றால் கிளிவெட்டிப் பெரியையாதான். வயல்காரர், எழுபது தாண்டியவர். விடியக் காலமை முதல் பஸ்ஸில் கிளிவெட்டியிலிருந்து நகரத்துக்கு வருவார். பஸ் நிலையத்தில் ஒரு பிளேன்ரீ குடிப்பார். எட்டுப் பத்துக்கு எங்கள் பஸ்ஸில் ஏறித் திரும்பக் கிளிவெட்டிக்கே போவார். நகரத்தில் அவருக்கு வேறு ஒரு அலுவலும் கிடையாது.

"பெரியையா, இதென்ன பயணம்? போறதும் வாறதும்!"

"எனக்கு மூண்டு பேரப்பிள்ளையள், தம்பி. மூண்டும் வெளிநாட்டில. போனில பார்க்கலாம். தூக்க ஏலாது."

அதற்குப் பிறகு அவருக்கு நடைபாதைப் பக்கம் சீற் இருந்தால் கண்ணைக் காட்டுவேன்.

இப்படியே போயிருக்க வேண்டிய கதை, தை மாத மழையில் கவிழ்ந்தது.

அன்றைக்குப் பாலம் பார்க்கிற பயணம். காலையிலிருந்தே தூறல். ரீச்சர் சளைக்கவில்லை. இருபத்துநாலு பிள்ளைகளின் தலையிலும் ஷொப்பிங் பையைக் கவிழ்த்து, காதடியில் முடிச்சுப் போட்டுக் கூட்டிவந்திருந்தார். சிவப்புப் பை, பச்சைப் பை, புடவைக்கடைப் பை, பார்மஸிப் பை. பாலத்துக்கு இந்தப் பக்கம் இறங்கினால் ஆளுக்கொரு சீனிப் பணிஸ் என்று வாக்கும் கொடுத்திருந்தார். பஸ்ஸுக்குள் அன்றைக்கு அதுதான் ஒரே கதை.

அதே பஸ்ஸில் கிண்ணியாத் தாய் ஒருவரும் இருந்தார். கையில் ஒரு கைக்குழந்தை. கூடவே ஏழு வயது மகன், பெயர் அஸ்லம். நகரத்தில், ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் வீட்டில் வைத்துப் பார்க்கிற பல் டொக்டரிடம் ஏழு மணிக்கே பல்லுப் பிடுங்கிவிட்டு வருகிறார்கள். டொக்டரிடம் காட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் விடுகிற யோசனையோ என்னவோ, அவனும் ரீச்சரின் பிள்ளைகளைப் போல வெள்ளைச் சேர்ட், நீலக் காற்சட்டை. தாயின் மடியில் குழந்தை இருந்ததால், பின்னால் இருந்த யாரோ நம்முடைய வழக்கப்படி அவனை வாங்கித் தங்கள் மடியில் வைத்துக்கொண்டார்கள். பெரியையாவின் மடியில் ரீச்சரின் பிள்ளை கவின் இருந்தான். சீனக்குடா வருவதற்குள் கவின் பெரியையாவின் நெஞ்சில் முகத்தைப் புதைத்து நல்ல நித்திரை. பெரியையா பிள்ளை வேர்க்கும் என்று தலையில் இருந்த பையை மெதுவாகக் கழற்றிவிட்டார்.

பாலத்தடி வந்தது. மழையும் கூடியது. "இறங்குங்கோ, இறங்குங்கோ!" துணைக்கு வந்த தாய்மார் இருவரும் கீழே நின்று காற்றோடு குடைச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரீச்சர் கதவடியில் நின்று பைமூடிய தலைகளை எண்ணினார். "...இருபத்துமூன்று, இருபத்துநாலு. சரி, தம்பி!" நான் மணியை அடித்தேன். நானா எடுத்தார். கணக்கு அச்சொட்டாகச் சரி.

பெரியையா ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். அவரும் நித்திரை.

பாலத்தைக் கடந்து கிண்ணியாப் பக்கம் முதல் தரிப்பில் நிறுத்தினோம். அந்தத் தாய் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பி, பின்னால் திரும்பி, பெரியையாவின் மடியில் கிடந்த வெள்ளைச் சேர்ட்டை உலுக்கினார்.

"அஸ்லம்! எழும்பு மகன், எடம் வந்திட்டு."

வெள்ளைச் சேர்ட் முகத்தைத் திருப்பியது.

"அல்லாஹ்வே! இது என்ட புள்ள இல்லையே!"

பெரியையா துடித்து எழும்பினார். கவின் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "பாலம் வந்திட்டுதா?" என்று கேட்டான்.

"பாலம் போயிட்டுது ராசா!" என்றது பஸ்.

இருபத்துநாலு தலையை என் காதால் கேட்டவன் நான். ஒரு தலை இங்கே இருக்கிறது என்றால் அங்கே இருபத்துநாலாவது தலை யாருடையது? அந்தத் தாய்க்கு என்னைவிட வேகமாக விளங்கிவிட்டது. "என்ட புள்ளய அந்த டீச்சர் எறக்கிட்டாங்க!" என்று கத்தியபடி இறங்கப் போனார். லத்தீப் நானா திரும்பிப் பார்த்தார்.

"எறங்காதீங்க தங்கச்சி. மழயில எங்க ஓடுவீங்க? திருப்புறன்."

ஐம்பது சனத்தோடு, நேரத்துக்கு ஓடவேண்டிய பஸ்ஸை நடு வழியில் திருப்புவது எங்கள் தொழிலில் நினைத்தும் பார்க்காத காரியம். நீளக்கைச் சேர்ட் போட்ட ஒருவர் மட்டும் எழும்பினார். "நான் அவசரமாக் கந்தோருக்குப் போகோணும். இதெல்லாம் என்ன பழக்கம்?"

"தம்பி, கந்தோர் ஓடாது. இரும்" என்றார் பெரியையா. கவினை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிடியைப் பார்த்த நீளக்கைச் சேர்ட் மெதுவாக இருந்துவிட்டது.

அங்கே நடந்ததைப் பிறகு ரீச்சரே சொன்னார். பணிஸ் இருபத்துநாலு, பிள்ளை இருபத்துநாலு, எல்லோருக்கும் சரியாகப் போனது. கடைசியில் ஒரு சிவப்புப் பை மட்டும் திரும்பவும் கையை நீட்டியது.

"இன்னொண்டு தாங்க டீச்சர்."

ரீச்சர் பையைத் தூக்கி முகத்தைப் பார்த்தார்.

"நீ ஆர்?"

"அஸ்லம்."

"ஆற்றை பிள்ளை?"

"உம்மாட."

"உம்மா எங்க?"

"பஸ்ஸில போறாங்க."

பணிஸ் கதையைக் கேட்டு ஆசைப்பட்டு அவன் தானாகவே இறங்கியிருக்கிறான்; மடியில் வைத்திருந்தவரும் ரீச்சரின் பிள்ளையென்று நினைத்து விட்டிருக்கிறார். மழையில் நனையப் போகிறானே என்று பஸ்ஸுக்குள் பக்கத்தில் நின்ற பிள்ளை தன்னிடம் மேலதிகமாக இருந்த பையை அவனுக்குக் கட்டிவிட்டிருக்கிறது. தலையை எண்ணுகிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை. ரீச்சரின் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதல் தரமாக அப்படி ஒரு பிழை.

நாங்கள் பாலத்தில் திரும்பி ஏறும்போது, எதிர்ப்பக்கத்திலிருந்து ரீச்சர் ஓடிவருகிறார். ஒரு கையில் அஸ்லம். செருப்பு இரண்டும் மற்றக் கையில். பின்னால் இருபத்துமூன்று நிறப் பைகள் ஒருவர் சேர்ட்டை ஒருவர் பிடித்தபடி. கடைசியில் குடை மடங்கிப்போன இரண்டு தாய்மார். நடுப் பாலத்தில் நானா பிரேக் போட்டார். இரண்டு பக்கமும் குடாத் தண்ணீர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. மழைக்குள் சனமெல்லாம் இறங்கிவிட்டது.

அஸ்லத்தின் தாய் முதலில் அவனுடைய முதுகில் ஒன்று போட்டார். பிறகு கட்டிப் பிடித்தார். பிறகு வாயைப் பார்த்தார்.

"என்ன தின்ட?"

"பணிஸ்."

"டீச்சர்! பல்லுப் புடுங்கின புள்ளக்கி பணிஸா குடுத்தீங்க? ரெண்டு மணித்தியாலம் ஒண்டும் தின்னப்படாதெண்டு டொக்டர் சொன்னவரு!"

"ஐயோ, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்குத் தெரியாது, அம்மா. எனக்கு ஒண்டுமே தெரியாது" என்று ரீச்சர் பாலத்து ஓரக்கட்டில் இருந்துவிட்டார். ரீச்சர் எங்கேயும் குந்தி இருந்து நான் பார்த்ததில்லை. கவின் ஓடிப்போய் அவருடைய மடியில் ஏறி, "எனக்குப் பணிஸ் இல்லையா?" என்று கேட்டான். ரீச்சர் அழுதாரா, மழையா என்று சொல்ல ஏலாது. அஸ்லத்தின் தாய் கவினையும் பார்த்தார், ரீச்சரையும் பார்த்தார். பிறகு கைக்குழந்தையை என்னிடம் நீட்டக்கூடப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற நீளக்கைச் சேர்ட்டின் கையில் கொடுத்துவிட்டு, ரீச்சரைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"எழும்புங்க டீச்சர். நானும்தானே உங்கட புள்ளய என்ட புள்ளெண்டு எழுப்பினன்."

பஸ்ஸில் ஏறும்போது எல்லோரும் ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தோம். நானாதான் சொன்னார்: "இந்தக் கதய இந்தத் தண்ணியில போட்டாச்சு டீச்சர். பாலம் தாண்டாது." சனமும் "ஓம், ஓம்" என்றது. நீளக்கைச் சேர்ட்டும் சொன்னது.

ரீச்சர் தலையை ஆட்டினார். "பொய் சொல்லக் கூடாதெண்டு பிள்ளையளுக்கு ஒவ்வொரு நாளும் சொல்லுறனான். இண்டைக்கு இருபத்துநாலு வாய் வீட்ட போய் இந்தக் கதையைத்தான் சொல்லும். அவ்வளவு வாயையும் மூட ஷொப்பிங் பை காணாது, தம்பி."

அன்றைக்கே போய்த் தன் கையால் பள்ளிக்கூடத்தில் அன்றாடம் நடந்ததைப் பதிகிற லொக் புத்தகத்தில் முழுவதையும் எழுதிவிட்டார். பணிஸ் உட்பட. கையெழுத்து நின்றது.

அடுத்த மூன்றாவது செவ்வாய். பஸ் நிறைந்த சனம். நடைபாதைப் பக்கம் முழுக்க ஆள். பிள்ளைகள் ஏறுகிற தரிப்பில் நானா தானாகவே நிறுத்தினார். ஒருவரும் இல்லை. மணியை அடிக்க எனக்குக் கை வரவில்லை. பெரியையா எட்டி எட்டி வெளியே பார்த்துவிட்டு, "இண்டைக்கு இல்லையோ?" என்றார். பாலம் வரும்வரை எல்லோரும் வெறும் கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டு இருந்தார்கள். எனக்கு என்னவோ செத்தவீட்டுக்குச் சனம் ஏற்றிப் போவது போலிருந்தது.

அதற்கு அடுத்த மாதம் பெரியையா ஒரு யோசனை சொன்னார். அதிபரிடம் நேரே போய்க் கேட்போம். பதினொரு பேர் போனோம். அஸ்லத்தின் தாயும் வந்திருந்தார். அதிபர் பண்பான மனிதர். எல்லோருக்கும் கதிரை போடச் சொன்னார். பெற்றார் கூட்டத்துக்கு வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார் போல.

"உங்கட பிள்ளை எந்த வகுப்பு, ஐயா?" என்று பெரியையாவிடம் கேட்டார்.

"பிள்ளை இல்லை, சேர். மடிதான் இருக்கு."

அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று கேட்டுக்கொண்டே வந்தார். எல்லோரும் அதே பதில். கடைசியில் என்னிடம் வந்தார்.

"நீங்கள்?"

"நான் கொண்டக்டர், சேர். எனக்கு மடியும் இல்லை."

சிரிக்க வைக்கச் சொன்னதுதான். சொல்லி முடித்த பிறகுதான் அது உண்மை என்று எனக்கே விளங்கியது. கொண்டக்டர் நிற்கிற சாதி. அத்தனை பயணத்தில் அத்தனை மடி நிறைந்ததைப் பார்த்தவன் நான். ஒரு பிள்ளையின் பாரம் எனக்கு வரவில்லை. என் சொந்தப் பிள்ளைகள் வளர்ந்ததும் நான் பஸ்ஸில் நின்ற நேரத்தில்தான். நான் வெளிக்கிடும்போதும் நித்திரை, வரும்போதும் நித்திரை. இப்போது இரண்டு பேரும் கொழும்பில் வேலை.

அதிபர் கண்ணாடியைத் திரும்பப் போட்டார். "எனக்கு விருப்பமில்லாமல் இல்லை. ஆனால் எழுத்தில வந்திட்டுது. இனி வான்தான். என்ர கையில ஒண்டுமில்லை" என்றார். எல்லோருக்கும் பிளேன்ரீ தந்தார். குடித்துவிட்டு வந்தோம்.

பிறகு பிள்ளைகள் வானில் போனார்கள். ஒருநாள் சீனக்குடாவில் அந்த வான் எங்களை முந்தியது. லத்தீப் நானா தன்னை ஒரு சைக்கிளும் முந்த விடாத மனிதர். அன்றைக்கு ஓரமாக ஒதுங்கி வழி விட்டார். வான் யன்னலால் சின்னக் கைகள் ஆடின. பஸ் முழுக்கக் கையை ஆட்டியது. கண்ணாடி பூட்டியிருந்தது. சத்தம் கேட்கவில்லை.

அந்த வருட முடிவில் ரீச்சர் இடமாற்றம் கேட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரியாய்ப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். திரியாய் வடக்கே, எங்கள் பஸ் தெற்கே. இரண்டு பாதையும் பஸ் நிலையத்திலேயே முதுகைக் காட்டிக்கொண்டு பிரிகின்றன. போகும்போது சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை என்று எனக்குக் கொஞ்சம் கோபம். பெரியையாதான், "சொல்லிப்போட்டுப் போறவை திரும்பி வர மாட்டினம். சொல்லாமப் போறவைக்கு இன்னும் கதை மிச்சம்" என்றார். அதையும் எழுதி வைத்தேன்.

கதை மிச்சம் இருந்தது. சில வருடம் கழித்து, போன மாதம், திரியாய் பஸ்ஸின் கொண்டக்டர் என்னைத் தேநீர்க் கடையில் கண்டு, "எங்கட பஸ்ஸில ஒரு ரீச்சர் ஏறுறா, அண்ணை. பெரிய கரைச்சல். சனத்தின்ர மடியில எல்லாம் பிள்ளையளை இருத்துறா. கேட்டால், இங்க வான் எங்க இருக்கு, பஸ்ஸில போகாமல் பறந்தோ போறதெண்டு அந்தப் பள்ளிக்கூடத்து அதிபரே கடதாசி குடுத்திட்டாராம்" என்றான்.

"எந்த நாள்?"

"மாதத்தில ஒருக்கா. மூண்டாவது செவ்வாய்."

இத்தனை வருடத்தில் காய்ச்சலுக்கும் லீவு எடுக்காதவன் நான். அந்தச் செவ்வாய்க்கு எடுத்தேன். முதல் பஸ்ஸில் திரியாய்க்குப் போய், அதே பஸ்ஸில் திரும்புவதற்காக ஏறினேன். ஏறினால், முன் சீற்றில் நடைபாதைப் பக்கமாகப் பெரியையா இருக்கிறார். ரீச்சரின் கதை அவர் காதுக்கும் போய், முதல் நாளே நகரத்துக்கு வந்து தெரிந்தவர் வீட்டில் தங்கி, எனக்கு முதலே ஏறி இருந்திருக்கிறார். போகும்போது முன்னால் இருந்த அந்தத் தலை என் கண்ணில் படவேயில்லை.

"நீயும் வந்திட்டியோ?" என்றார்.

நான் நேரே கடைசிச் சீற்றுக்குப் போனேன். அது தொழில் வியாதி. "பின்னுக்குப் போங்கோ, பின்னுக்குப் போங்கோ" என்று வாழ்நாள் முழுக்கச் சனத்தைத் துரத்தியவன், தனக்கும் அதையே சொல்லிக்கொண்டான். இருந்து, சாரத்தை இழுத்துச் சரிசெய்து, காலைச் சேர்த்து வைத்தேன். மடி என்று ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

பள்ளிக்கூடத் தரிப்பு. குரல்தான் முதலில் ஏறியது. "ஓடாதேங்கோ, ஓடாதேங்கோ, பஸ் எங்களை விட்டுட்டுப் போகாது!" தலைமயிர் நன்றாக நரைத்திருந்தது. மற்றபடி அதே ஆள், அதே அளவெடுக்கிற பார்வை. இவர்கள் துறைமுகம் பார்க்க வருகிற பிள்ளைகள். கப்பலைக் கிட்டத்தில் கண்டதில்லையாம். ரீச்சர் இப்போது தலையில் கை வைப்பதில்லை. ஒவ்வொரு பிள்ளையின் நாடியையும் பிடித்து நிமிர்த்தி, முகத்தைப் பார்த்து, பெயரைச் சொல்லித்தான் கொடுக்கிறார். பெரியையாவின் மடியில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னவளை இருத்திவிட்டு, ஆள் யாரென்று கண்டு, ஒரு நிமிஷம் வாயில் கை வைத்து நின்றார். பெரியையா அவரைப் பார்க்கவேயில்லை. அவருக்கு அலுவல் வந்துவிட்டது.

ஒவ்வொரு சீற்றாக ரீச்சர் பின்னுக்கு வந்தார். எனக்கு முன் சீற்றில் ஒரு பையனை இருத்தினார். நிமிர்ந்தார். என்னைக் கண்டார்.

"கொண்டக்டர் தம்பி! நீங்களோ? சீற்றில இருக்கிறீங்கள்!"

"ஓம், ரீச்சர். இருக்கிறன்."

அவர் என் மடியைப் பார்த்தார். பின்னால் திரும்பிப் பார்த்தார். பதினைந்து பிள்ளைகள்தான் அந்த வகுப்பில். பதினைந்தும் முடிந்துவிட்டன.

"ஐயோ தம்பி, பிள்ளையள் முடிஞ்சுதே!" அவருடைய முகம் உண்மையாகவே வாடிவிட்டது. பக்கத்தில் யாரிடமாவது ஒன்றைத் திருப்பி வாங்கலாமா என்றும் பார்த்தார். ஒருவரும் கொடுக்கிற முகத்தோடு இல்லை. பிறகு தோளில் கிடந்த கைப்பையைக் கழற்றினார். "அப்ப இதையாவது கொஞ்சம் பிடியுங்கோ."

தண்ணீர்ப் போத்தல், பிளாஸ்டர், பதினைந்து பேருடைய மாற்றுச் சட்டை, இன்னும் என்னென்னவோ. நல்ல பாரம். குச்சவெளி தாண்டியது. ரீச்சர் கம்பியைப் பிடித்தபடி பக்கத்தில் நின்று பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டிக்கொண்டிருந்தார். நிலாவெளி வரும்போது எனக்கு இரண்டு கால்களும் விறைத்துவிட்டன. பையைக் கீழே வைக்கவில்லை. இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நகரம்வரை வந்தேன்.

வருகிற மூன்றாவது செவ்வாய்க்கும் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தமுறை முன்னுக்கு இருப்பதாக யோசனை. பிள்ளை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. ரீச்சர் பக்கத்தில் நிற்பார்தானே.